படத்தில் இல்லாத ஸ்டூல்

அண்ணி திரையைப் பார்த்ததும் முதலில் கேட்டது ஸ்டூலைப் பற்றித்தான்.

சனிக்கிழமை சாயங்காலம். வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, நீலக் கோட்டைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். இரண்டு மாதமாக நான் கம்ப்யூட்டருக்குள் கட்டிக்கொண்டிருந்த சமையலறை அன்றைக்குத்தான் முழுப் படமாகத் திரையில் விரிந்திருந்தது. எங்கள் வீட்டுச் சமையலறைதான். அதே ஒற்றை ஜன்னல், அதே குழாய், மூலையில் அதே தண்ணீர்க் குழாயின் புடைப்பு. ஆனால் வெளிர்பச்சைக் கதவுகள், வழுவழுவென்று கல் மேடை, மேல் அலமாரிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் எரியும் விளக்கு, ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும் காலை வெயில். அந்த வெயிலைச் சரியான கோணத்தில் விழவைக்க மட்டும் எனக்கு நான்கு நாள் ஆயிற்று. மேடைக்கு முன்னால் அண்ணியே நின்றிருந்தார். அவருடைய போட்டோவைத்தான் வெட்டி அங்கே நிறுத்தியிருந்தேன்.

"நம்ம வீடா இது? துடைச்சு வெச்ச மாதிரி இருக்கே," என்றார் அண்ணி.

இன்னும் நாலு வார்த்தை வரும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஸ்டூல் எங்க?"

"எந்த ஸ்டூல்?"

"நம்ம ஸ்டூல்தான்."

"அதெல்லாம் படத்துல வைக்க மாட்டாங்க அண்ணி. இடத்தை அடைக்கும். பாக்க நல்லா இருக்காது."

"சரி," என்றார். பிறகு, "அப்போ மேல இருக்கிறதை நான் எப்படி எடுப்பேன்?" என்று கேட்டார்.

"அதான் நீங்களே நிக்கிறீங்களே. கையை நீட்டினா எட்டும் பாருங்க."

அண்ணி குனிந்து, திரையில் இருந்த தன்னையே கிட்டத்தில் பார்த்தார்.

"ஆமா, எட்டும்," என்றார். "அவளுக்கு எட்டும்."

அண்ணி குள்ளம். ஊர் உலகத்தில் இல்லாத குள்ளம் ஒன்றும் இல்லை, ஆனால் லிஃப்ட் மெக்கானிக்கான என் அண்ணன் உத்தரத்தில் தலை இடிக்கும் ஆள் என்பதால் பக்கத்தில் நிற்கும்போது கூடுதலாகத் தெரியும். கல்யாணப் போட்டோவில் இவரை ஒரு மரப்பெட்டி மேல் ஏற்றி நிறுத்தித்தான் எடுத்தார்கள். பெட்டி தெரியாமல் கீழே வெட்டிவிட்டார்கள். அதைச் சொல்லி இவரே சிரிப்பார். எங்கள் சமையலறையை யாரோ எந்தக் காலத்திலோ அண்ணன் மாதிரி ஒரு ஆளை மனதில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணிக்கும் அந்த ஸ்டூலுக்கும் பிரிக்க முடியாத உறவு. சர்க்கரை வேண்டுமென்றால் காலாலேயே அதை இழுத்துப்போட்டு ஏறுவார். இறங்கி, காலாலேயே தள்ளிவிடுவார். அந்தச் சத்தத்தில்தான் பத்து வருஷமாக நான் காலையில் கண் விழிக்கிறேன். அப்படிப்பட்ட ஸ்டூலை, பாக்க நல்லா இருக்காது என்று படத்திலிருந்து நான் எடுத்துவிட்டிருந்தேன்.

ஆனால் 'அவளுக்கு எட்டும்' என்ற வார்த்தையில் வேறொன்றும் இருந்தது.

எங்கள் உள்ளலங்காரப் படிப்பில் எந்தப் படம் போட்டாலும் அதில் ஓர் ஆளை நிறுத்தியாக வேண்டும். ஆள் நின்றால்தான் கதவு எவ்வளவு உயரம், மேடை எவ்வளவு உயரம் என்பது பார்ப்பவர் கண்ணுக்குப் பிடிபடும். எங்கள் மென்பொருளைத் திறந்ததுமே, வெறும் தரையில், பாக்கெட்டில் கை விட்டபடி ஒருத்தன் நிற்பான். நூற்று எழுபது சென்டிமீட்டர். வகுப்பில் அவனுக்கு மாப்பிள்ளை என்று பேர். கூப்பிடாமலே எல்லா வீட்டுக்கும் வருவான், ஒரு வேலையும் செய்ய மாட்டான். முதல் வருஷத்தில் எல்லாரும் அவனை அப்படியே விட்டுவிடுவோம். விவரம் தெரிந்ததும் அவனை அழித்துவிட்டு, நிஜ மனிதர்களின் போட்டோவை வெட்டி நிறுத்துவோம்.

நான் அண்ணியை நிறுத்தினேன். பாத்திரம் கழுவும்போது பின்னாலிருந்து கைபேசியில் எடுத்த படம். முடியின் ஓரங்களை இழை இழையாக வெட்டும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தது என் சிநேகிதி. போட்ட கோட்டையெல்லாம் உடனே அழித்துத் திரும்பப் போடுவாள் என்பதால் அவளுக்கு வகுப்பில் கண்ட்ரோல் இசட் என்று பேர். வெட்டிய அண்ணியை மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்து, அவர் தலை அவன் தலைக்குச் சமமாக வரும்வரை மூலையைப் பிடித்து இழுத்தேன். அவ்வளவுதான். ஒரு நொடி வேலை. பிறகு மாப்பிள்ளையை அழித்துவிட்டேன். அதற்கப்புறம் மேடை, அலமாரி, தட்டு எல்லாம் பாடப்புத்தகத்து அளவுப்படியே அவருக்குக் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டே போயின. பொருந்தாமல் என்ன செய்யும்? என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தச் சமையலறையில் நான் அளக்காத இடம் இல்லை. சுவரை அளந்தேன். ஜன்னல் கட்டையின் கனத்தை அளந்தேன். குழாயின் வளைவை, தரையின் சரிவை, சுவிட்ச் பெட்டி எத்தனை மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருக்கிறது என்பதைக்கூட அளந்தேன். அண்ணியை மட்டும் அளக்கவில்லை.

"அண்ணி, உங்க உயரம் எவ்ளோ?"

"யாருக்குத் தெரியும்? வேலையில சேரும்போது எழுதிக்கிட்டாங்க. இப்போ குறைஞ்சிருக்கும். துவைச்ச துணி சுருங்கும்ல," என்றார். அவருக்கு வேலை ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில். டாக்டர்களின் கோட்டுகளுக்கும் படுக்கை விரிப்புகளுக்கும் காலை ஏழிலிருந்து இஸ்திரி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இறுதி மதிப்பீடு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்த நான்கு படங்களும் தயார். நான்கிலும் அண்ணி ஒரு சாண் கூடுதலாக வளர்ந்து நிற்கிறார்.

போன வருஷம் இதே பாடத்தில் நான் ஃபெயில். ஒரு படுக்கையறை கொடுத்திருந்தார்கள். திரைச்சீலையின் மடிப்பு, விளக்கின் மஞ்சள் என்று எல்லாம் பத்திரிகை அட்டைப் படம் மாதிரி வந்திருந்தது. எங்கள் ஸ்டுடியோ வகுப்பை எடுக்கும் மேடம் படத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இந்தக் கதவு எப்படித் திறக்கும்?" என்று கேட்டார். திறக்க வேண்டுமென்றால் கட்டிலுக்குள் புகுந்துதான் திறக்க வேண்டும். வகுப்பே சிரித்தது. நான் வீட்டுக்கு வந்து மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. படிப்பே வேண்டாம், துணிக்கடையில் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னேன். அண்ணன், "சரி, உன் இஷ்டம்," என்றான். அண்ணிதான், "கதவு திறக்கலைன்னா படிப்பையே மூடிருவியா? நாளைக்குக் கிளம்பு, நானும் வரேன்," என்றார். மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, கல்லூரி அலுவலகத்தில் என் கூடவே வரிசையில் நின்று, திரும்பச் சேர்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். மூன்றாவது வாய்ப்பு கிடையாது. இந்தத் தடவையும் தவறினால் படிப்பு அத்தோடு சரி.

இந்தக் கம்ப்யூட்டரும் அவர் கொண்டுவந்ததுதான். ஆஸ்பத்திரியில் கழித்துக் கட்டியது. பெட்டியின் பக்கவாட்டில் 'எக்ஸ்ரே அறை 2' என்ற ஒட்டுச்சீட்டு இன்னும் இருக்கிறது. எத்தனையோ பேர் எலும்பைப் பார்த்த பெட்டி இப்போது சோபாவுக்கு மெத்தை வைக்கிறது என்பான் அண்ணன். அதை வைக்கச் சாப்பாட்டு மேஜையையே கொடுத்தார் அண்ணி. இரண்டு வருஷமாக அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்ததை எங்கும் குறித்துக்கொள்ளவில்லை.

"இதுக்குப் போய் ஏன் முகம் இப்படிப் போகுது?" என்றார் அண்ணி. "இதையே காட்டு. நல்லாத்தான் இருக்கு. யாரு ஸ்கேலை வெச்சுக்கிட்டு வரப்போறாங்க? எனக்கு எட்டுமான்னு கேட்டா எட்டும்னு சொல்லிடறேன்."

அந்த அறையைப் பயன்படுத்தப்போகிறவரும் மதிப்பீட்டுக்கு வர வேண்டும் என்பது இந்த வருஷத்து விதி. அதற்காகத் திங்கட்கிழமை ஷிப்ட்டை மாற்றி வைத்திருந்தார்.

அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். படத்தைக் காட்டினால் பாஸ். திருத்த உட்கார்ந்தால் ஒன்றரை நாளில் நான்கு படத்துக்கு வழியே இல்லை. எங்கள் பெட்டி ஒரு படத்தை வெளிச்சம் நிழலோடு முழுசாகத் தீட்டி முடிக்க இருபது மணி நேரத்துக்குக் குறையாது. திருத்தினால் ஃபெயில், திருத்தாவிட்டால் பாஸ் என்று கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஆனால் எனக்காக வரிசையில் நின்ற மனுஷி, எனக்காகவே நாலு பேருக்கு முன்னால் நின்று, எட்டாததை எட்டும் என்று பொய் சொல்லத் தயாராக இருந்தார். அதுவும் வாய் கூசாமல், இதெல்லாம் ஒரு விஷயமா என்கிற மாதிரி. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அவருக்குத் தெரியாமல் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெளிச்சம் வந்ததும் அவரைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தினேன்.

"குதிகாலைத் தூக்காதீங்க."

"தூக்கலையே."

"அண்ணி."

இறக்கினார். நூற்று ஐம்பத்தொன்று நூற்று நாற்பத்தேழு ஆயிற்று. "ஆசைக்கு ஒரு நாலு சென்டிமீட்டர் போட்டுக்கக் கூடாதா?" என்றார்.

முழங்கை உயரம் தொண்ணூற்று இரண்டு. அப்படியென்றால் மேடை எண்பதில் இருக்க வேண்டும். இப்போதிருப்பது தொண்ணூறுக்கும் மேலே. இவ்வளவு வருஷமாகத் தோளை உயர்த்திக்கொண்டே காய் நறுக்கியிருக்கிறார். இரவில் அண்ணன் தைலம் தேய்த்துவிடுவது எந்தத் தோளுக்கு என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். கையை மேலே நீட்டச் சொன்னேன். மேடையின் ஆழத்தையும் தாண்டி, குதிகால் தரையில் இருக்க, விரல் வசதியாக ஒரு டப்பாவைப் பிடிக்கும் இடம் நூற்று அறுபது. அதற்கு மேல் அவருக்குச் சமையலறையே கிடையாது, வெறும் சுவர்தான். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினேன்.

"துணிக்குத்தான் ஆளை அளப்பாங்கன்னு நினைச்சேன்," என்றார் அண்ணி. கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. "அந்த ஸ்டூலைத் தூக்கிப் போட்டுறாத. ஜன்னல் கிட்ட போடு. உக்காந்து காய் நறுக்கலாம். நாள் பூரா நிக்கிற கால்."

படத்துக்குள் முதல் வேலையாக மாப்பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டு, பக்கத்தில் நிற்கும் அண்ணியைச் சரியாக நூற்று நாற்பத்தேழுக்கு இறக்கினேன். நான்கைந்து விநாடிதான். அவர் சுருங்கியதும் சமையலறை முழுக்கத் தப்பாகிவிட்டது. மேடை முழங்கை வரை வந்தது. மேல் அலமாரி எட்டாத பரணாக ஆயிற்று. பத்து வருஷமாக அவர் பார்க்கும் சமையலறையை அப்போதுதான் நானும் பார்த்தேன். பிறகு ஒவ்வொன்றாக இறக்கினேன். மேடையை இறக்கினால் அடி அலமாரி மாறும், அது மாறினால் குழாய் மாறும், மேல் அலமாரியை இறக்கினால் விளக்கு மாறும், விளக்கு மாறினால் நிழல் மாறும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முடித்து நிமிர்ந்தபோது மத்தியானம் மூன்று.

கண்ட்ரோல் இசட்டுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"லூசாடி நீ?" என்றாள். பிறகு, "ஃபைலைக் கொண்டு வா. என்னோடது முடிஞ்சுது. ஒரு படத்தை என் மெஷின்ல போடுறேன். நேர் பார்வை கொடு, அதுதான் சீக்கிரம் முடியும்."

நான் பென்டிரைவோடு போய்க் கொடுத்துவிட்டு வந்தபோது எங்கள் வீட்டில் எல்லாரும் பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தார்கள். படம் தீட்டும் நேரத்தில் இஸ்திரிப் பெட்டியோ வெந்நீர் ஹீட்டரோ போட்டால் ஃப்யூஸ் போய்விடும், பெட்டி அணைந்து எல்லாம் முதலிலிருந்து. அண்ணன் ஹீட்டர் சுவிட்சின் மேல் டேப்பை ஒட்டி, 'தொட்டால் ஷாக்' என்று எழுதியிருந்தான். தொட்டால் ஷாக் அடிப்பது தங்கச்சி என்று விளக்கமும் சொன்னான். அன்று யாரும் வெந்நீரில் குளிக்கவில்லை. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. இந்த வீட்டில் பிறந்ததற்கு நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை கையில் இருந்தது இரண்டு படம். சிநேகிதி முடித்துக் கொடுத்த நேர் பார்வை, கண்ணாடி மாதிரி. எங்கள் பெட்டி தீட்டிய இன்னொன்று, பாதிக்கு மேல் புள்ளி புள்ளியாக, மணலைத் தூவிய மாதிரி. அண்ணி தன் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மதிப்பீடு முடிந்ததும் நேராக வேலைக்குப் போக வேண்டும். கோட்டு முழுக்கச் சுருக்கம். ஒரு நாளைக்கு நூறு கோட்டுக்கு இஸ்திரி போடுகிறவர், என் படத்துக்காகத் தன்னுடையதைக் கசங்கலாகவே மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

ஸ்டுடியோ மேடமும், வெளியிலிருந்து வந்திருந்த ஒரு கட்டடக்கலைஞரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாலு படம் கேட்டிருந்தேன்," என்றார் மேடம்.

"ரெண்டுதான் மேடம் இருக்கு. நாலு இருந்துச்சு. அந்த நாலும் தப்பு."

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மாப்பிள்ளை என்று வாய் தவறி வந்ததும் பின்வரிசையில் சிரிப்பு. மேடம் சிரிக்கவில்லை, எதையோ எழுதினார். கட்டடக்கலைஞர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ப்ரொஜெக்டரிலிருந்து சுவரில் விழுந்த நேர் பார்வைப் படத்தைப் பார்த்தார்.

"மேடை எண்பதா போட்டிருக்கீங்க. வழக்கமா தொண்ணூறு வரும்."

"இவங்களுக்கு எண்பதுதான் சார்."

"படத்துல சரியாத்தான் தெரியுது," என்றார் மேடம். "முந்தின படத்துலயும் சரியாத்தான் தெரிஞ்சிருக்கும். இல்லையா?"

என் மூக்கு உடைந்தது. அவர் சொன்னதில் தப்பே இல்லை. கையைப் பைக்குள் விட்டேன். விரலில் அளவு டேப் தட்டுப்பட்டது. அதை வெளியே எடுத்து, சுவருக்குப் போய், படத்தில் தெரிந்த மேடையைத் தரையிலிருந்து அளந்தேன். நூற்றுப் பதினெட்டு காட்டியது. நான் திரும்பிப் பார்த்ததுமே சிநேகிதிக்குப் புரிந்துவிட்டது. எழுந்து ஓடிவந்து, ப்ரொஜெக்டரை மேஜையிலிருந்து இறக்கி ஒரு நாற்காலியில் வைத்தாள். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினாள். படம் சிறுத்துக்கொண்டே கீழே வந்தது.

"நூத்தி ரெண்டு. இன்னும் கொஞ்சம். தொண்ணூறு. கொஞ்சம்டி. போதும்."

எண்பது. படத்தின் தரை வகுப்பறைத் தரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. சுவரில் எங்கள் சமையலறை, இருக்க வேண்டிய அளவில்.

"அண்ணி, இங்க வாங்க. மேல் தட்டுல சிவப்பு மூடி போட்ட டப்பா இருக்குல்ல, அதை எடுங்க."

அண்ணி எழுந்து வந்தார். சுவரருகில் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். படத்து அண்ணிக்குப் பக்கத்தில் நின்றபோது இரண்டு பேருக்கும் தோள் ஒரே கோட்டில் இருந்தது. படத்தின் காலை வெயில் அவருடைய கசங்கிய கோட்டின் மேலும் விழுந்தது. மேடம் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, புடவைக்கடையில் கரை பார்ப்பவரைப் போலத் தரையருகே குனிந்து அண்ணியின் பாதங்களைப் பார்த்தார்.

அண்ணி நிமிர்ந்து சிவப்பு மூடியைப் பார்த்தார். பிறகு, பழக்கத்தில், அவருடைய வலது கால் பக்கவாட்டில் நீண்டு தரையைத் துழாவியது. அங்கே ஒன்றும் இல்லை. ஒரு கணம் அந்தரத்தில் நின்ற கால் மெதுவாகத் திரும்பி வந்து, இடது காலுக்குப் பக்கத்தில், குதிகால் தரையில் படிய அமர்ந்தது. கை மேலே போனது.